யாருமில்லை என்று எழுதிய மலை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிலே வராமல் இது மூன்றாவது கடிதம். சுரங்க வேலை உன் விரல்களையும் தின்றுவிட்டதா? அத்தானுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. நான் இவ்வளவு நரைத்துப்போனதை இத்தனை நாள் மறைத்துவிட்டேனாம், குறைப்படுகிறார்.

போன வாரம் உன் மலையிலிருந்து ஒரு பெண் எங்கள் நில அளவை அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவர்களுடைய ஊர்ச்சபைத் தலைவி. வரைபடத்தில் அந்த மலை 'யாருமற்ற தரிசு'. அதை வைத்துத்தானே சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள்? ஆவண அறையில் தேடினேன். வெள்ளைக்காரன் காலத்தில் மலையேறி அளந்தவனின் குறிப்பேடு கிடைத்தது. முப்பத்தோரு வீடுகள், ஏழு ஊற்றுகள், ஒவ்வொன்றும் பெயரோடு. கீழே உட்கார்ந்து படம் வரைந்தவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டான்.

சான்றிட்ட நகல் கொடுத்தேன். ஊற்றுகளின் பெயர்களை விரல் வைத்து வாசித்தாள். பிறகு, "எங்க தண்ணியச் சோதிக்கிறவரு உங்க தம்பியாமே?" என்றாள்.

அந்தத் தண்ணீர் நல்லதுதானேடா?

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

என்னை நன்றாக மாட்டிவிட்டாய். நகல் கொடுத்தது என் அக்காவா என்று மேலாளர் விசாரிக்கிறார். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமாயிற்று, அதை இப்போது எதற்குக் கிளற வேண்டும்?

தண்ணீரைப் பற்றிக் கேட்டாய். மேலாளர் காட்டும் இடத்தில், சுரங்கக் கழிவுக் குட்டைக்கு மேட்டுப்பக்கம் மாதிரி எடுக்கிறேன். அங்கே நல்ல தண்ணீர்தான். இதற்கு மேல் கேட்காதே. நீ படிக்கவைத்த படிப்பில் கிடைத்த வேலை இது.

கோபமில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 2

என் செல்லத் தம்பிக்கு,

எனக்கும் கோபமில்லை. என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உறை ஒட்டுகிறேன்.

வெள்ளைக்காரன் போய்விட்டான், உண்மைதான். அவன் வரைந்த கோட்டை இருபத்தாறு வருஷமாக நகலெடுத்துக் கொடுத்தது நான்தானே. 'யாருமற்ற' என்று என் கையாலேயே எத்தனை முறை எழுதியிருப்பேன்!

அந்தத் தலைவி மறுபடி வந்திருந்தாள். அரசாங்கம் உங்கள் நிலத்தை உங்களுக்கே கொடுத்துவிடும், கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னேன். சிரித்துவிட்டாள். "குடுக்கறதுக்கு அது அவங்களதா? எங்களக் கேக்காம எதுவும் செய்யாதீங்கன்னுதான் சொல்றோம்."

நீ எது செய்தாலும் என் தம்பிதான். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மே 11

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரம் எழுதாததற்குத் திட்டிக்கொள். தலைவியோடு ஏழு ஊற்றுகளுக்கும் போனேன். ஐந்தில் ஈயம், அனுமதித்த அளவைப்போல் நான்கு மடங்கு. சோதனை முடிவில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை அவர்கள் வழக்குப் போட்டிருக்கும் நீதிமன்றத்திலும் ஒன்றை அவள் கையிலும் கொடுத்தேன். அன்றைக்கே வேலை போயிற்று. கழிவு கொட்டுவதை நீதிமன்றம் நிறுத்தியிருக்கிறது. மலை யாருடையது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

மூட்டை கட்டிக்கொண்டு தலைவியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தண்ணீரைச் சோதிக்க அவர்களுக்கும் கற்றுத்தரட்டுமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"நான் மட்டும் சொல்ல முடியாது. சபையக் கேளுங்க."

கேட்டேன். வெளியே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். முதலில் அவமானமாக இருந்தது, அக்கா. பிறகு அப்படித் தோன்றவில்லை. மழைக்காலம் வரை இருக்கலாம், இரண்டு பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும், அதன்பின் மறுபடி கேட்க வேண்டும் என்றார்கள். அதனால் இப்போதைக்கு வீட்டுக்கு வரமுடியாது.

எட்டு வருஷம் இந்த மலையில் இருந்திருக்கிறேன். இருக்கலாமா என்று கேட்டது இதுதான் முதல் முறை.

உன் தம்பி