வரப்புக்கு அந்தப் பக்கம்

இன்று காலை நம் கடைக் கம்ப்யூட்டர், "இந்த டிரைவை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. நீ இருந்திருந்தால் அதைத் திட்டித் தீர்த்திருப்பாய். நான் வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில், கல்யாணம் நிச்சயமான உன் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா எனக்குன்னு செஞ்சு வச்ச கல்யாணப் பத்திரிகை இதுலதானே மாமா இருக்கு?"

"இருக்கும்மா" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

விண்டோஸ் படுத்துவிட்டதால் போன வாரம் புதிதாகப் போட்டேன். பாபநாசத்தில் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. வந்ததும் வராததுமாக அது, கம்ப்யூட்டரைப் போட்டதும் 'விண்டோஸா, லினக்ஸா' என்று கேட்கும் உன் மெனுவைத் தூக்கிவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதைதான். உன் வேலையெல்லாம், அதே டிஸ்கில் விண்டோசுக்குப் பதிலாக நீ தனியாகப் போட்டுக்கொண்ட லினக்ஸ் பக்கம். விண்டோசுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாது. தெரியாததை அழிக்கட்டுமா என்கிறது.

அலுப்பாக இருக்கிறதடா. நீ போனதிலிருந்து புரூஃப் பார்ப்பதும் நான், கல்லாவில் இருப்பதும் நான், இந்த மெஷினோடு மல்லுக்கட்டுவதும் நான்.

முன்பு ஒருமுறை இப்படி ஆனபோது நான் பதறினேன். நீ டீயைக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தாய். "டிஸ்கை வரப்பு போட்டுப் பிரிச்சிருக்கேன்டா. பயிர் அப்படியேதான் நிக்குது, மதகுதான் அடைச்சிருக்கு. அதுக்குப் போய் வயலை உழுதுடாதே" என்றாய். எழுந்து போகும்போது, "எதுல கை வச்சாலும் காப்பி எடுத்துட்டு வை" என்றும் சொன்னாய்.

பத்திரிகை முனையில் தடவும் மஞ்சள் அப்பிக்கொண்டு, உன் பென்டிரைவ் டிராயரில் கிடந்தது. அதிலிருந்து லினக்ஸைக் கிளப்பிப் பார்த்தேன். உன் வரப்புகள் போட்ட இடத்திலேயே இருந்தன. மெனுவைக் கொண்டுவரும் கிரப்பை மறுபடி போட வேண்டியதுதான். அதையும் முதலில் பென்டிரைவிலேயே போட்டுத் தொலைத்தேன். அடுத்த தடவை சரியாகப் போட்டதும் மெனு வந்தது. உன் மகள் கை தட்டினாள். எனக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

பத்திரிகை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது செய்திருக்கிறாய். மாப்பிள்ளை பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருந்தாய். கீழே, 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்கு அடியில் மட்டும் உன் பெயரை முழுதாக அடித்து வைத்திருந்தாய்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பேரு அங்க வரக் கூடாதுல்ல மாமா?"

"அங்க அம்மா பேரைப் போட்டுடலாம்மா. மேல உன் பேரு வர்ற இடத்துல, 'காலஞ்சென்ற'ன்னு போட்டு அப்பா பேரைப் போடணும்."

ஊரில் எத்தனையோ வீட்டுக்கு அந்தச் சொல்லை அடித்துக் கொடுத்திருக்கிறேன். உனக்கு அடிக்கக் கை வரவில்லை. நீ சொன்னபடி முதலில் காப்பி எடுத்தேன். காப்பியில்தான் அடித்தேன். ஊருக்குப் போகப்போவது அது. உன்னுடையதில் நான் கை வைக்கவில்லை. அதில் நீதான் இன்னும் எல்லோரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.