என் சிவப்புப் பேனா போட்ட வட்டம்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சஞ்சீவனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் வலியும் என் வாயும் மட்டும் இன்னும் குறையவில்லை. மெல்பனில் குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

கெலிஓயா பள்ளிக்கூடத்துக் கிளார்க் வேலை என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்து, அம்மாவின் அலுமாரிக்குக்கூடக் கோப்பு நம்பர் போட்டுவிட்டேன். இந்த வேலையும் இல்லையென்றால் அவள் என்னைத் துரத்திவிடுவாள், எனக்கும் காலையில் சேர்ட் போட ஒரு காரணம் வேண்டாமா? நீ குரல் பதிவில் சொல்லித் தந்தபடி ஆங்கிலத்தில் வேலைக்கு 'ஃபோர்', பள்ளிக்கு 'டு' என்று மூன்று நாள் மனப்பாடம் செய்து விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் எழுதி முடித்தேன். பிறகு நடந்ததைக் கேள். எந்த விண்ணப்பமும் திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் போகவேண்டும் என்பது முப்பத்தாறு வருடப் பழக்கம், கை தானாக அப்படியே உறையில் எழுத, நான் வேலை பார்த்த பழைய கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு ஏது தலைவர்? என் கதிரையில் இப்போது இருக்கும் ஸனா பத்து நாள் கழித்து ஃபோன் எடுத்து, இதில் யாரிடம் கையெழுத்து வாங்குவது சேர் என்று கேட்டாள். முடிவுத் திகதி அதற்கு முந்தின நாளே போய்விட்டது. அம்மா சிரித்த சிரிப்பு ஹந்தானை மலை வரை கேட்டிருக்கும்.

விண்ணப்பத்தை எடுத்துவரப் போனேன். டிரேயில் என்னுடையதற்குக் கீழே பியோன் மூக்கையா டிரைவர் வேலைக்குப் போட்ட விண்ணப்பம், இரண்டு வருடத்துக்கு முந்தியது. 'ஃபோர்' வர வேண்டிய இடத்தில் 'டு' இருந்தது என்று நான்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, திருத்தச் சொல்வோம் என்று வைத்து, அப்படியே மறந்தும் போனேன். மூக்கையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வட்டத்தைத் தேநீர் கொண்டுவரும்போது அவர் அப்போதே பார்த்தாராம், சேரே கைப்படத் திருத்துறாங்க, இனி வேலை நிச்சயம்னு வீட்ல சொல்லிட்டேன் என்றார். சொல்லிவிட்டு எனக்கும் ஒரு தேநீர் தந்தார்.

அடுத்த மாதம் மறுபடி டிரைவர் எடுக்கிறார்களாம். நேற்று அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, இருவருமாகத் தமிழிலேயே எழுதினோம். நாளை நானே கொண்டுபோய், தலைவர் கையெழுத்து வைக்கும்வரை வெளி வாங்கில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். நீயும் அங்கே பிறர் விண்ணப்பம் பார்க்கிற வேலையில் இருக்கிறாய், வட்டம் போட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு.

முருகன் உனக்குக் குறைவைக்க மாட்டான். இந்தக் கடிதத்தில் பிழை கண்டால் திருத்தி அனுப்பாதே.

நாளைக்குச் சேர்ட் தேய்த்து வைத்திருக்கும்
அப்பா,
சண்முகநாதன்