சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தது

மார்ச் 3, செவ்வாய்

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று மாலை நான்கு இருபது மணியளவில், சாம்பல் நிற வயர் ஒன்று எங்கள் பாய்மரப் படகின் முன்பக்க அலமாரிக்குள் நுழைந்து, மூன்று தடுப்புப் பலகைகளைக் கடந்து, படிக்கட்டுக்கு அருகே பத்திரமாக வெளியே வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வயரை வழிநடத்தியவர் இந்த நோட்டின் சொந்தக்காரர். தன்னந்தனியாக. கைதட்டலாம்.

அது ஆழமானியின் வயர். படகுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கத்தும். என்னைப் போலத்தான், ஆனால் காரணத்தோடு கத்தும்.

படகுக்கு நாங்கள் வைத்த பெயர் வாத்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறை, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. அப்பாவும் அக்காவும் அதற்குப் புதுக் கருவிகள் மாட்டுகிறார்கள். வயரைச் சும்மா திணித்தால் போகாது. முதலில் மெல்லிய கயிறு ஒன்றை அனுப்பி, அதன் வாலில் வயரைக் கட்டி இழுக்க வேண்டும். கருவிக்குள் ஏறும் முன் வயர் கொஞ்சம் கீழே தொங்க வேண்டும், ஒழுகும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எனக்குத் தெரியாத வயரே கிடையாது.

மார்ச் 7, சனி

ஆட்டோ பைலட் மாட்டியாயிற்று. திசையைச் சொல்லிவிட்டால் சுக்கானை அதுவே பிடித்துக்கொள்ளும். அதற்கு வடக்கு எது என்று சொல்வது ஒரு கறுப்புப் பெட்டி, சோப்புப் பெட்டி அளவுதான். அக்கா அதை இடப்பக்கப் படுக்கைக்கு அடியில் திருகினாள். பிறகு பெட்டி திசை கற்றுக்கொள்வதற்காக, துறைமுகத்துக்கு வெளியே வாத்து இரண்டு வட்டம் மெதுவாகச் சுற்றியது.

அப்பா அதற்கு மூணாவது பிள்ளை என்று பட்டம் கொடுத்துவிட்டார். "நம்ம வீட்ல இது ஒண்ணுதான் சொன்ன பேச்சைக் கேக்குது" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

சரி. இருக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

வெற்றி, வெற்றி. என் குட்டி ஸ்பீக்கரைப் படுக்கைக்கு அடியில் வயர்க் கட்டுக்குப் பின்னால் கட்டி ஒளித்தேன். அக்கா படுத்ததும் மேல்தளத்திலிருந்து போனில் அழுத்தினேன். கீழே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல என் குரல்: "அக்கா... பசிக்குது..."

அவள் எழுந்த வேகத்தில் மண்டை கூரையைச் சந்தித்தது. தேடினாள், தேடினாள், கிடைக்கவில்லை. அடுத்த காட்சிக்காக அதை அங்கேயே விட்டிருக்கிறேன்.

மார்ச் 14, சனி

காலை 6.00. அப்பாவும் அக்காவும் வாத்தில் கிளம்பிவிட்டார்கள், சித்தி இருக்கும் தீவுக்கு. மாலை நாலு மணிக்குப் போய்ச் சேருவார்கள். எனக்குத் திங்கட்கிழமை கணக்குப் பரிட்சை, அதனால் வீட்டுச் சிறை. வழியில் பல்வரிசை என்று ஒரு பாறைக் கூட்டம் இருக்கிறது, தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் அதை விட்டு நன்றாகத் தள்ளித்தான் பாதை. காகித வரைபடத்தில் அக்கா பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். இடத்தைக் காட்டும் திரை அடுத்த மாதம்தான் வரும்.

10.40. படிக்க மேசையை ஒழித்தேன். மேலே ஆட்டோ பைலட்டின் கையேடு. சும்மா புரட்டினேன். ஒன்பதாம் பக்கம், கட்டம் கட்டி: பெட்டிக்கு ஒரு மீட்டருக்குள் ஸ்பீக்கரோ காந்தமோ இருக்கக் கூடாது, திசை தவறும்.

எவ்வளவு தூரத்தில் வைத்தேன்? ஒரு ஜாண்.

ஒரு ஜாண்கூட இருக்காது.

10.50. என் சாவிக்கொத்தில் இருக்கும் பொம்மைத் திசைகாட்டியை டிவி ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனேன். முள் அப்படியே திரும்பி நின்றது. தள்ளி எடுத்தால் வடக்கு. கிட்டே வைத்தால் எங்கேயோ.

10.55. அக்கா போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. அப்பா போனும்.

11.05. படிக்கட்டுக்கு மேலே பழைய திசைகாட்டி இருக்கிறதே. அதைப் பார்ப்பார்கள். பார்த்தால்? இரண்டும் இரண்டு மாதிரி சொல்லும். அப்பா யாரை நம்புவார்? அது கிழடாயிடுச்சு என்று போன வாரம்தான் சொன்னார்.

11.15. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. மூடுபனி. இங்கேயே இப்படி என்றால் கடலில்?

சொன்னா தொலைஞ்சேன். சொல்லலன்னா — வேணாம், அத எழுத மாட்டேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

அம்மா எட்டிப் பார்த்துப் பாடம் ஓடுதா என்றாள். ஓடுது என்றேன். என்னையே கேட்டுக்கிறேன், ஏன்டா அப்படிச் சொன்ன?

11.25. சொல்லிட்டேன். அம்மா திட்டவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

12.50. துறைமுக ரேடியோ அறை, பெஞ்சு. ரேடியோக்காரர் மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீ வெச்சதை நீயே சொல்லு தம்பி. நான் சொன்னா புரியாது." அந்தச் சானலைக் கடலில் இருக்கிற எல்லாப் படகும் கேட்கும். கேட்கட்டும்.

வாத்து, வாத்து என்று கூப்பிட்டேன். இரைச்சல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம். இரைச்சல். அம்மா பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், நான் ஏதோ கடலில் விழப்போகிற மாதிரி. ஆறாவது தடவை அக்கா.

"எங்க இருக்கோம்னே தெரியல. திடீர்னு ஆழமானி கத்துச்சு. நங்கூரம் போட்டு நிக்கிறோம். பழைய திசைகாட்டி ஒண்ணு சொல்லுது, புதுசு ஒண்ணு சொல்லுது. அப்பா புதுச நம்பி நகரலாங்கிறாரு."

"நகராதீங்க. புதுசு பொய் சொல்லுது. படுக்கைக்கு அடியில ஸ்பீக்கர் இருக்குக்கா. நான்தான் வெச்சேன்."

மைக்கின் பொத்தானை விட்டேன். பிறகு அவள் குரல், மெதுவாக: "பசிக்குதா?"

அவ்வளவுதான். ரேடியோக்காரர் திரும்பிக்கொண்டார். நான் அழுததை அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

5.35. சித்தி போன் பண்ணினாள். வந்துவிட்டார்களாம்.

மார்ச் 16, திங்கள்

கணக்குப் பரிட்சை. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று மாலை இருவரும் வந்தார்கள். பனி விலகியபோது பல்வரிசையின் முதல் பல், எங்கள் வாசலிலிருந்து தெருமுனை இருக்குமே, அவ்வளவு தூரத்தில் நுரை கக்கிக்கொண்டிருந்ததாம். வாத்து நேராக அதைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்ததாம். ஆழமானி மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் என்று அக்கா ஆரம்பித்தாள், அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா இன்னும் திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

மூன்றாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். நான் கயிற்றில் வயரைச் சரியாகக் கட்டவில்லை, இரண்டாவது தடுப்பிலேயே கழன்றுகொண்டது. அக்காதான் தலைகீழாகப் படுத்து, மறுபடி கயிறு விட்டு, இழுத்து முடித்தாள். நான் டார்ச் பிடித்தேன். அதையும் பாதி நேரம் தப்பான பக்கம்.

வாத்தில் யார் உதவியும் இல்லாமல் என் கையாலேயே நான் கட்டிய பொருள் மொத்தம் ஒன்று. அப்பா அதை அறுத்தெடுத்து வந்து என் மேசைமேல் வைத்திருக்கிறார்.