பந்தயத்தில் விழுந்த கதை

ஸ்ட்ரெதம், 1991

அன்பின் சந்திரவதனாவுக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமா? என் இருமல் மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் அறையில் இருக்கும் கிறிஸ்துராஜா அண்ணை என்னை, இரண்டிரண்டு கார்களாக நேர்ரோட்டில் ஓடவிடும் அமெரிக்க மாதிரிக் கார்ப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். எழுபதுகளில் சனம் இதைவிட அலைமோதுமாம். வழியெல்லாம் அதே கதை. இரண்டு கார்கள் சேர்ந்து உறுமிப் புறப்பட்டதும் நான் குண்டு போட வரும் பொம்பர் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்துவிட்டேன்.

"எழும்பும் தம்பி, இது கார்தான்," என்றார் அண்ணை.

சுற்றிநின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, தன் தேநீரை எனக்குத் தந்தாள்.

நீங்கள் அங்கே உண்மையான குண்டுக்குப் பங்கர் குழிக்குள் ஒளிக்கிறீர்கள். நான் இங்கே காருக்கு விழுந்தேன். அதுதான் வெட்கம்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். பங்கருக்கு மேலே இன்னும் மண்மூட்டை அடுக்கச் சொல்லும்.

உமது
குகதாசன்