ஒரே படகில் மூன்று பேர்

அக்டோபர் 15, புதன்

சாயங்காலம் அண்ணன் மகள் ஸ்டெல்லா போனில் பூதச் சண்டை விளையாடினாள். அவள் படையில் எல்லாமே தண்ணீர்ப் பூதங்கள்.

"ஏன்டி, எல்லாம் ஒரே இனமாவா சேர்ப்ப? வேற எதையாச்சும் கலக்கக் கூடாதா?"

"போங்கத்தே, அதுதான் கெத்து. ஆனா எதிர்ல மின்னல் பூதம் வந்துச்சுன்னா மொத்தமும் காலி!" என்று சிரித்தாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். ஒரு வீட்டு ஆண்கள் எல்லோரும் ஒரே படகில் கடலுக்குப் போவது எங்களுக்கு வழக்கமில்லை. மூத்த மகன் படகில் இன்ஜின் பழுது. "இன்னைக்கு ஒரு நாளுதானம்மா" என்று அவனும் தம்பியும் அவங்க அப்பாவுடனேயே போய்விட்டார்கள். நானும்தான் சோறு கட்டிக்கொடுத்தேன்.

இப்போது தனுஷ்கோடிப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. போன் போகவில்லை. மாதாவிடம் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஜெபமாலையாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஆளுக்கொரு ஜெபமாலையாகத் தனித்தனியே சொல்கிறேன். முதலில் சின்னவனுக்கு.