கௌரி அக்கா பாடிய பதிவு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஸ்டூடியோ அலமாரியைக் கிளறும் வேலை. என் இசைக் கூட்டாளி மார்க்கும் நானும் செய்த ஆல்பங்கள் மறுபடி வெளிவரப் போகின்றன. எல்லாம் பழைய ஆங்கிலப் பாட்டுகள். சின்தசைசர் இசை எங்களுடையது. பாடியவர்கள், பாட்டுக்கொருவராக வந்த விருந்தாளிகள்.

மூன்றாவது பெட்டியில் ஒரு பதிவு, என் கையெழுத்தில்: ‘கௌரி அக்கா, டேக் 2’. மேற்கொண்டு தேடவில்லை.

வாங்க வேண்டியவை: பால், இருமல் மருந்து.

மார்ச் 5, புதன்

கேட்டேன். பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு.

லண்டன் லூயிஷாம் கோயிலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தவரைக் கெஞ்சி அழைத்து வந்தவன் நான். என்ன பாட்டு! ஆல்பம் முடியும் கடைசி வாரம் பெயர்பெற்ற பாடகி ஒருத்தி கிடைத்தாள். அக்காவின் குரலை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டோம். அக்காவிடம் சொல்வது என் பொறுப்பு. நாளை, நாளை என்று தள்ளினேன். ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது.

மார்க்குக்குப் போட்டுக் காட்டினேன். இதையும் சேர்க்க வேண்டுமாம். அக்காவிடம் சம்மதம் வாங்க வேண்டியது நான்.

மார்ச் 8, சனி

வெயில், ஆனால் குளிர். ஈஸ்ட் ஹாம், அக்கா வீடு. கதவைத் திறந்து ஒரு கணம் பார்த்தார்.

“சுதன் எல்லே? உள்ளுக்கு வாரும்.”

தேநீர் ஆறும்வரை வேறு கதைகள் பேசினேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

“அண்டைக்கு வீட்டில பதினைஞ்சு பேர், சுதன். என்ர பாட்டு வந்திருக்கெண்டு நான்தான் கூப்பிட்டனான். சிடியைப் போட்டால் வேற ஆரோ பாடுறா. இவர் என்ர முகத்தைப் பாத்திட்டு, ‘மெசினுக்குள்ள போனால் குரல் மாறும்தானே’ எண்டார். நானும் ஓமெண்டிட்டன். சனம் இண்டைக்கும் அது நானெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்குது.”

ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

“நல்லாத்தான் பாடியிருக்கிறன், என்ன?”

“ஓம் அக்கா.”

“வெளியில விடாதேயும். இப்ப வந்தால் நானும் இவரும் பொய்யராப் போவம்.”

திரும்பும்போது ரயிலில் பக்கத்துப் பெண் போனில், “நான் வாறன், நீங்கள் சாப்பிடுங்கோ.” அக்காவும் என்னைச் சாப்பிட்டுப் போகச் சொன்னார். நான் நிற்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

இருமல் குறையவில்லை. மார்க்கிடம் சம்மதமில்லை என்றேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை. பட்டியலிலிருந்து நீக்கினோம்.

மத்தியானம் அக்காவின் குரல் செய்தி: “சுதன், அந்தப் பாட்டின்ர கொப்பி ஒண்டு எனக்கு அனுப்பும். இவருக்கு மட்டும் போட்டுக் காட்டவேணும். பாவம், அவர் இந்தப் பாட்டைக் கேக்கவே இல்லை.”

பாட்டோடு அனுப்ப நாலு வரி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் பாட்டை மட்டும் அனுப்பினேன்.