மேலே பதினேழு பொத்தான்கள்

அக். 7, செவ்வாய். குன்னூர்
விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. பச்சைத் தேயிலை விலை இன்றும் இறக்கம். தீபாவளிக்குள் எங்கள் தேயிலை விவசாயிகள் குழுவின் டீத்தூளுக்கு இணையத்தில் பத்து ஆர்டராவது வராவிட்டால் கடையைக் கட்டிவிடலாம் என்று போன கூட்டத்தில் முடிவு. அப்புறம் என் முக்கால் ஏக்கர் செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்க வேண்டியதுதான். கொழுந்தனார் வாங்க ஆளே பார்த்து வைத்திருக்கிறார்.

மதியம் கோவையிலிருந்து ஓர் அம்மா போன். "ஏனுங்க, உங்க சைட்ல டீத்தூள் எங்கீங்க வாங்கறது? மேல ஒரே பேரா இருக்குது. எதைத் தொட்டாலும் யாரோ ஒருத்தர் போட்டோ வருதுங்க. தலை சுத்திப் போச்சு, விட்டுட்டனுங்க."

அக். 8, புதன்
சைட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மேலே பதினேழு பொத்தான்கள். உறுப்பினர் பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. தலைவர் உரை, திறப்பு விழா, பண்டிகைப் படங்கள்... 'டீத்தூள் வாங்க' பதினாறாவது! கல்யாணப் பத்திரிகையில் ஒரு பங்காளி பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பயந்து செய்த வேலை. செய்தவள் நான்தான், யாரைத் திட்ட? நானே தேடும்போது பாதியில் எதற்கு வந்தேன் என்பது மறந்துவிட்டது.

நாளைக்கு: ரேஷன். கேஸ் புக். பொத்தான் மூன்று போதும். டீத்தூள் வாங்க, நாங்கள், தொடர்புக்கு. பெயரெல்லாம் 'நாங்கள்' உள்ளே.

அக். 9, வியாழன்
மாற்றிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தலைவர் சிவராஜ் அண்ணன் பெயர்தான் முதலில் இருந்தது. போன் அடித்தாலே பக்கென்கிறது. ரேஷன் மறந்தேன்.

அக். 13, திங்கள்
வெயில்! துணி எல்லாம் காய்ந்தது. ஆர்டர் இதுவரை பன்னிரண்டு. கோவை அம்மா இரண்டு கிலோ. "இப்பச் சுளுவா இருக்குதுங்க." அப்பாடா. கொழுந்தனார் அந்த ஆளை வேறு இடம் பார்க்கச் சொல்லட்டும்.

சாயங்காலம் சிவராஜ் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். டீ போட்டேன்.

"பேரெல்லாம் எடுத்துட்டயாம்மா?"

"உள்ள இருக்குதுங்கண்ணா."

ஒரு மடக்குக் குடித்தார். "எம்பட புள்ள பெங்களூர்ல மூணு மாசமா நம்ம டீத்தூள் வாங்கப் பாத்திருக்குது. வழி தெரீலைன்னு சொன்னா அப்பன் மனசு நோகும்னு, கடைத்தூளைப் போட்டுக் குடிச்சுட்டு, 'உங்களுது நல்லாருக்குதுப்பா'ன்னே சொல்லிட்டு இருந்திருக்குது. நேத்துத்தான் நம்மளுது போய்ச் சேந்துச்சாம். போன் பண்ணி அழுவுது."

இன்னொரு டம்ளர் கேட்டார்.